எதையோ காட்டுகிறார்

பேனா எழுதியிருந்தால் இந்த வம்பே இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி ஐந்து நிமிடத்துக்குப் பொருளாதாரப் பேராசிரியர், மேஜையில் வந்து கிடந்த தாள்களின் கடைசிப் பக்கத்தில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். ‘சரி பார்த்தேன்’ என்று அச்சடித்திருக்கும். அதற்குக் கீழே போட வேண்டும். மூன்று மாதமாகப் படிக்காமலே போட்டுக்கொண்டிருந்தார். இன்று மை வரவில்லை. உதறினார். அப்போதும் வரவில்லை. பியூன் வேறு பேனா தேடிக்கொண்டு வெளியே போனான். சும்மா இருப்பானேன் என்று பேராசிரியர் முதல் பக்கத்தைப் படித்தார்.

படித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

அது அவருடைய வகுப்பு. போன வியாழக்கிழமை அவர் பேசியது. ஒலிப்பதிவைக் கேட்டு யாரோ வார்த்தைக்கு வார்த்தை தட்டச்சு செய்திருந்தார்கள்.

‘சரி, இப்ப இதைப் பாருங்க. (எதையோ காட்டுகிறார்.) இது இப்படி வருது. (எதையோ காட்டுகிறார்.) இது இப்படிப் போகுது. (எதையோ காட்டுகிறார்.) ரெண்டும் இங்க வெட்டுது. (எதையோ காட்டுகிறார்.) புரியுதா? (மாணவர்கள் தலையாட்டியிருக்கலாம். சத்தம் இல்லை.) இப்ப இதை இங்க கொண்டு வந்தா என்ன ஆகும்? (எதையோ காட்டுகிறார்.) அதேதான்! வெரி குட்!’

மொத்தம் பதினெட்டுப் பக்கம். பேனா வந்து சேர்ந்தபோது அவர் ஏழாம் பக்கத்தில் இருந்தார். கையெழுத்துப் போடவில்லை. புதுப் பேனாவால் வெள்ளைத் தாள் ஒன்றில் மூன்று வரி எழுதினார்.

தமது வகுப்புகளை ஒலிப்பதிவு செய்யக் கொடுத்த அனுமதியைத் திரும்பப் பெறுவதாக முதல் வரி. இது உடனடியாக அமலுக்கு வருவதாக இரண்டாவது. காரணம் கேட்க வேண்டாம் என்று மூன்றாவது.

மூன்று வரியும் நேராகப் போய் ஒரு மாணவியின் தலையில் விழுந்தன.

*

வீட்டில் அவளைச் சின்னவள் என்பார்கள். வகுப்பில் ‘எதுசார்’ என்பார்கள்.

ஒன்பது வயதில் காய்ச்சல் வந்து இரண்டு கண்ணும் போனவள். பொருளாதாரம் இரண்டாம் ஆண்டு. பேராசிரியர் பலகையில் நான்கு கலர் சாக்பீஸால் வரைந்து வரைந்து பாடம் நடத்துவார். பையன்கள் அவருக்கு வைத்த பெயர் வானவில். அவர் “இது” என்று சொல்லும்போதெல்லாம் சின்னவள் எழுந்து “எது சார்?” என்று கேட்பாள். பேராசிரியர் கனிவான மனிதர். ஒரு தடவைகூட எரிந்து விழுந்ததில்லை. நின்று, திரும்பி, “இதும்மா” என்று இன்னும் கொஞ்சம் சத்தமாகச் சொல்வார்.

முதல் பருவம் முடிவதற்குள் அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். பெயர் மட்டும் நின்றுவிட்டது.

போன வருஷம் அவர் நடத்தும் தாளில் அவள் எடுத்தது முப்பத்தொன்று. தேற நாற்பது வேண்டும். ஒரே தாளில் இரண்டு தடவை தோற்றால் படிப்பைவிட்டே நீக்கிவிடுவார்கள் என்பது பல்கலைக்கழக விதி. இரண்டாவது தடவைக்கான தேர்வு இன்னும் பதினெட்டு நாளில்.

போன வருஷம் அவளுக்குக் கிடைத்தது வெறும் ஒலிப்பதிவு. இந்த வருஷம் மாற்றுத்திறனாளி மாணவர் பிரிவு ஓர் அம்மாவை வேலைக்கு எடுத்தது. பதிவைக் கேட்டு அவர் தட்டச்சு செய்வார். அதைச் சின்னவளின் கம்ப்யூட்டர் வாசித்துக் காட்டும். எங்கே என்ன விட்டுப்போயிருக்கிறது என்பதாவது தெரியும்.

அந்த அம்மா நீதிமன்றத்தில் இருபத்தாறு வருஷம் ஸ்டெனோவாக இருந்து ஓய்வு பெற்றவர். சாட்சி தும்மினால் தும்மினார் என்று எழுதிய கை. இங்கே வந்தும் கை மாறவில்லை. அதுதான் விஷயம்.

*

“உள்ள வரலாமா சார்?”

“வாம்மா, உக்காரு. நாற்காலி இங்க இருக்கு.”

இங்க என்பது அறையின் எந்தப் பக்கம் என்பதைச் சின்னவள் குச்சியால் தட்டிக் கண்டுபிடிக்க அரை நிமிடம் ஆயிற்று. பேராசிரியர் பொறுமையாகக் காத்திருந்தார்.

“உன் மேல எனக்குக் கோபமே இல்ல. ஆனா நீயே சொல்லு, நான் பாடம் நடத்துறேனா, இல்ல போலீஸுக்குத் திருடனை அடையாளம் காட்டுறேனா? எதையோ காட்டுகிறார், எதையோ காட்டுகிறார்... முதல் பக்கத்துல மட்டும் பதினேழு தடவை. எண்ணினேன்.”

“மொத்தம் இருநூத்திப் பதினாலு சார்.”

“நீயும் எண்ணினியா?”

“கம்ப்யூட்டர் ஒண்ணு விடாம வாசிக்குது சார். எண்ணாம இருக்க முடியல.”

பேராசிரியர் தண்ணீர் குடித்தார்.

“புத்தகம் இருக்கே, அதைப் படி.”

“புத்தகத்துல ‘படம் ஆறு பார்க்க’ன்னு போட்டிருக்கு சார்.”

“அப்ப ஒண்ணு பண்ணு. தனியா வா. நானே சொல்லித் தர்றேன்.”

“போன வருஷம் வந்தேன் சார். ஒரு தாள்ல வரைஞ்சு கையில கொடுத்தீங்க.”

“கொடுத்தேனா? பாரு, நான் எப்பவும் அப்படித்தான்.”

“வீட்டுல வெச்சு நிதானமாப் பாருன்னு சொன்னீங்க.”

பேராசிரியர் பேச்சை மாற்றினார்.

“இருபத்திரண்டு வருஷமா இப்படித்தான் நடத்துறேன். மூணு தடவை சிறந்த ஆசிரியர் விருது. பசங்களே ஓட்டுப் போட்டுக் கொடுத்தது. அதோ, அங்க மாட்டியிருக்கு பாரு.”

சின்னவள் மரியாதைக்கு ஒரு பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் ஜன்னல் இருந்தது.

“அனுமதி கொடுக்கிறதும் வாபஸ் வாங்கறதும் ஆசிரியர் உரிமைம்மா. விதிப் புத்தகத்துலயே இருக்கு.”

“மேல்முறையீடு பண்றது மாணவர் உரிமைன்னும் இருக்கு சார்.”

“எங்க இருக்கு?”

“அடுத்த பக்கத்துல.”

*

பெரியவள் லிஃப்ட் மெக்கானிக். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் முதலில் சோப்புத்தூள் போட்டு முழங்கைவரை கிரீஸைத் தேய்ப்பாள். அப்புறம்தான் பேச்சு. அன்றைக்குத் தேய்க்கும்போதே கம்ப்யூட்டர் வாசித்துக்கொண்டிருந்தது. ஏற்றமும் இறக்கமும் இல்லாத அந்த இயந்திரக் குரலில் ‘எதையோ காட்டுகிறார்’ இருபதாவது தடவை வந்தபோது பெரியவள் ஈரக் கையோடு சுவரில் சாய்ந்துவிட்டாள்.

“நிறுத்துடி. வயிறு வலிக்குது.”

“உனக்குச் சிரிப்பு வருது. எனக்குப் பதினெட்டு நாள்தான் இருக்கு.”

“உங்க வானவில்லை எங்க கம்பெனிக்கு அனுப்பிப் பாரு. முதல் நாளே கேஸாயிடும்.”

“ஏன்?”

“ஏன்னா? நான் மேல மோட்டார் ரூம்ல இருப்பேன். பார்ட்னர் கீழ குழியில இருப்பான். நடுவுல ஒன்பது மாடி. அவன் மூஞ்சியை நான் சாயங்காலம்தான் பாப்பேன். ‘இதை அப்படித் தள்ளு’ன்னு நான் ஒரு தடவை சொன்னா போதும், சாயங்காலம் பாக்க மூஞ்சி இருக்காது.”

“அப்ப எப்படித்தான் பேசிக்குவீங்க?”

“பொருளோட பேரைச் சொல்லணும். எந்தப் பக்கம், எவ்வளவு, அதையும் சொல்லணும். அவன் அதை அப்படியே திருப்பிச் சொல்லணும். நான் சரின்னா கை வைக்கணும். இதுல என்னடி இருக்கு? சாதாரணப் பொதுஅறிவு.”

“பல்கலைக்கழகத்துல அது கிடையாதுக்கா.”

பெரியவள் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். சின்னவள் கம்ப்யூட்டரை நிறுத்திவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். பத்து நிமிடம் கழித்து ஸ்டெனோ அம்மாவுக்குப் போன் போட்டாள்.

“அம்மா, போன வருஷத்துப் பதிவுல ஒரே ஒரு வகுப்பு மட்டும் தட்டச்சு பண்ணித் தர முடியுமா? விலை உச்சவரம்புன்னு தலைப்பு இருக்கும்.”

“கோர்ட்டுக்கா?”

“கமிட்டிக்கும்மா.”

“ரெண்டுக்கும் ஒரே மார்ஜின்தான். நாளைக்கு வாங்கிக்கோ.”

*

மேல்முறையீட்டுக் கமிட்டி வெள்ளிக்கிழமை கூடியது. தேர்வுக்குப் பதினைந்து நாள்.

மூன்று உறுப்பினர்கள். டீன் அம்மையார் வரலாற்றுத் துறைக்காரர், தலைவர். அவருக்கு வலப்புறம் துணைப் பதிவாளர். மூன்றாமவர் விடுப்பில் இருந்ததால் அவர் நாற்காலியில் துணைப் பதிவாளரின் பை உட்கார்ந்திருந்தது.

பேராசிரியர் எழுந்தார்.

“நான் சொல்லாத வார்த்தையை என் வாயில திணிச்சிருக்காங்க மேடம். இது பாடக் குறிப்பு இல்ல. கேலி.”

டீன் ஸ்டெனோ அம்மாவைப் பார்த்தார். “என்னம்மா சொல்றீங்க?”

ஸ்டெனோ அம்மா சாட்சி சொல்லும் இடத்தில் நின்று பழக்கமில்லாததால் மேஜைக்குப் பக்கவாட்டில், தட்டச்சர் உட்காரும் கோணத்தில் போய் நின்றுகொண்டார்.

“சாட்சி ‘இவன்தான்’னு கை காட்டுவாங்க மேடம். நான் ‘இவன்தான்’னு மட்டும் எழுதி வெச்சா நாளைக்கு அந்தக் காகிதத்தை வெச்சு யாரை வேணா உள்ள தள்ளலாம். அதனால காட்டினதையும் எழுதணும். அதுதான் முறை.”

“அதுக்கு ‘எதையோ’ன்னா எழுதறது?” என்றார் பேராசிரியர்.

“கோர்ட்ல ஜட்ஜ் ஐயா இருப்பார். ‘சாட்சி முதல் எதிரியைக் காட்டுகிறார்னு எழுதிக்கோ’ம்பார். இங்க ஜட்ஜும் இல்ல, நான் வகுப்புலயும் இல்ல. காதுல விழறது மட்டும்தான் எனக்கு. எதைக் காட்டினீங்கன்னு நானா எழுதினா அது பொய்ச் சாட்சி. இதுவரைக்கும் எழுதினதில்ல.”

துணைப் பதிவாளர் தொண்டையைச் செருமினார். அன்று அவருக்கு இன்னும் இரண்டு கூட்டங்கள் இருந்தன.

“சிம்பிளா முடிக்கலாமே மேடம். அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை எல்லாம் எடுத்துடலாம். சார் அனுமதியைத் திருப்பிக் கொடுத்துடட்டும். பொண்ணுக்குக் குறிப்பு கிடைச்சுடும். சாருக்கும் கௌரவமா இருக்கும்.”

பேராசிரியர் தலையசைத்தார். டீன் பேனாவைத் திறந்தார். இந்தப் பேனா எழுதும் போலிருந்தது.

“மேடம்.” சின்னவள் எழுந்துவிட்டாள். “அதை எடுத்துட்டா மிச்சம் என்ன இருக்கும்னு அம்மாவை ஒரு தடவை வாசிக்கச் சொல்லுங்க.”

ஸ்டெனோ அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார்.

“இது இப்படி வருது. இது இப்படிப் போகுது. ரெண்டும் இங்க வெட்டுது. இப்ப இதை இங்க கொண்டு வந்தா என்ன ஆகும். அதேதான். வெரி குட்.”

டீன் பேனாவை மூடினார்.

“போன வருஷம் நான் முப்பத்தொண்ணு மேடம்,” என்றாள் சின்னவள். “எட்டு மார்க் கேள்வி ஒண்ணுல பூஜ்யம். விலைக்கு அரசு உச்சவரம்பு போட்டா, படத்துல அந்தக் கோடு எங்க வரும்னு கேள்வி. ரெண்டு கோடும் வெட்டுற புள்ளிக்கு மேலன்னு எழுதினேன்.”

“தப்பு!” என்றார் பேராசிரியர். பாடம் என்றதும் வழக்கை மறந்துவிட்டார். “கீழதான் வரணும். சந்தை விலைக்கு மேல உச்சவரம்பு போட்டா அது யாரைத் தடுக்கும்? அதுக்கு வேலையே இல்லையே!”

“உச்சம்னா மேலதானே இருக்கும்னு நினைச்சேன் சார்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைப்பாங்க! அதனாலதான் வருஷா வருஷம் அடிச்சு அடிச்சுச் சொல்றேன்.”

“மேடம், அந்த வகுப்பு முழுசும் அம்மா தட்டச்சு பண்ணிக் கொண்டு வந்திருக்காங்க. அதுல சார் ‘கீழ’ன்னு எத்தனை தடவை சொன்னார்னு கேளுங்க.”

ஸ்டெனோ அம்மா எச்சில் தொடாமல் பக்கம் புரட்டினார். அதுவும் கோர்ட் பழக்கம்.

“ஒரு தடவை. பதினொண்ணாம் பக்கம்.”

“பாத்தீங்களா!” என்றார் பேராசிரியர்.

“வாசிங்க,” என்றார் டீன்.

“‘அடடா, பச்சை சாக்பீஸ் கீழ விழுந்துடுச்சு. யாராவது எடுங்கப்பா.’”

துணைப் பதிவாளர் தன் பையைப் பார்த்தார்.

“அடிச்சுச் சொன்னதா சார் சொன்னதும் உண்மைதான் மேடம்,” என்றார் ஸ்டெனோ அம்மா, நியாயமாக. “பலகையை அடிக்கிற சத்தம் ஒன்பது தடவை பதிவாகியிருக்கு. குறிச்சிருக்கேன்.”

டீன் அந்தப் பக்கத்தை வாங்கிப் பேராசிரியரிடம் நீட்டினார்.

“நீங்களே சொல்லிடுங்க சார். நாலாவது வரியில ஒரு ‘இது’. அது எது?”

பேராசிரியர் படித்தார். மேலே இருந்து ஒரு தடவை, கீழே இருந்து ஒரு தடவை. வலது கை தானாக எழுந்து பின்பக்கம் போயிற்று. அங்கே பலகை இல்லை. நாள்காட்டி தொங்கியது. கை இறங்கியது.

“தெரியலை,” என்றார்.

ஸ்டெனோ அம்மாவின் விரல்கள் மேஜைமேல் லேசாக அசைந்தன. அப்படி ஒரு வாக்குமூலத்தைத் தட்டச்சு செய்யாமல் விடுவது அவருக்குக் கஷ்டமாக இருந்திருக்க வேண்டும்.

“சொல்லிக் கொடுக்காத பதிலுக்கு மார்க் குறைக்கிறது நியாயமில்ல,” என்றார் டீன். “அந்த எட்டைக் கொடுத்துடலாம். கூட்டிப் பாருங்க.”

துணைப் பதிவாளர் கூட்டினார். இன்னொரு தடவை கூட்டினார்.

“முப்பத்தொன்பது.”

“ஒண்ணுதானே? கருணை மதிப்பெண்...”

“விளையாட்டு வீரர்களுக்கு மட்டும்தான் மேடம் விதி.” அவர் சின்னவள் பக்கம் நம்பிக்கையோடு திரும்பினார். “நீ ஏதாவது ஆடுவியாம்மா?”

“செஸ்.”

“பல்கலைக்கழக அணியிலயா?”

“அக்காவோட.”

“அது சேராது.”

“எனக்குக் கருணை வேணாம் மேடம். பாடம் போதும்,” என்றாள் சின்னவள். “மொத்தம் பன்னிரண்டு பாடம். சார் மறுபடி சொல்லணும். பலகை கிடையாது, சாக்பீஸ் கிடையாது. ஒவ்வொரு வரியையும் நான் திருப்பிச் சொல்லுவேன். நான் திருப்பிச் சொன்னது சரின்னாதான் அடுத்த வரி. அம்மா தட்டச்சு பண்ணட்டும்.”

“பதினஞ்சு நாள்தான் இருக்கு,” என்றார் பேராசிரியர்.

“அது எனக்குத் தெரியும் சார்.”

டீன் பேனாவைத் திறந்து உத்தரவு எழுதினார்.

*

முதல் பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆயிற்று.

“ஒரு கோடு போட்டுக்கோ.”

“எப்படிப்பட்ட கோடு சார்?”

“இப்படி.”

ஸ்டெனோ அம்மாவின் விரல்கள் அடைப்புக்குறியைத் தட்டும் சத்தம் கேட்டது. பேராசிரியர் பல்லைக் கடித்தார். கடைசியில் இரண்டு கையையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டு பேச ஆரம்பித்தார். பொருளாதாரத் துறையின் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்த இரண்டு மாணவர்கள் அவருக்கு ஏதோ தண்டனை என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார்கள்.

இரண்டாம் நாள் அவரால் ஒரு வளைவைச் சொல்ல முடியவில்லை. “வளைஞ்சு போகும்” என்றார். “எந்தப் பக்கம் சார்?” என்றாள். “உள்பக்கம்.” “எதுக்கு உள்பக்கம்?” ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. வரி நகரவில்லை.

மூன்றாம் நாள் பாதியில் எழுந்துவிட்டார்.

“முடியலம்மா. என்னை விட்டுடு. கையைக் கட்டிட்டா எனக்குப் பாடமே வரல. இருபத்திரண்டு வருஷமா வாயால பேசறேன்னு நினைச்சுட்டிருந்தேன்.”

“இன்னும் பதினொரு பாடம் இருக்கு சார்.”

“டீன்கிட்ட நானே எழுதிக் கொடுத்துடறேன். எனக்குத் திறமை இல்லன்னே எழுதறேன். போதுமா?”

“அதை வெச்சு நான் பரீட்சை எழுத முடியாது சார்.”

அந்த நேரம் பார்த்துப் பெரியவள் வந்து நின்றாள். பக்கத்துத் தெருவில் வேலை. தங்கையைக் கூட்டிக்கொண்டு போக வந்தவள், கம்பெனிச் சட்டையும் இடுப்பில் ஸ்பானருமாக. கதவைத் தட்டி முடிப்பதற்குள் அவள் போன் அடித்தது.

“ஒரு நிமிஷம் சார், பார்ட்னர். எடுக்கலன்னா அவன் மாட்டிக்குவான்.” ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு ஜன்னல் விளிம்பில் சாய்ந்தாள். “சொல்லுடா.”

“அக்கா, மூணாவது மாடி வெளிக்கதவு உரசுது.”

“மேலயா கீழயா?”

“மேல.”

“கதவுக்கு மேல ரெண்டு ரோலர் இருக்கும். உன் வலது கைப்பக்கம் இருக்கிற ரோலர். அதுல வெளி நட்டு. அரைச் சுத்து தளர்த்து.”

“வலது ரோலர். வெளி நட்டு. அரைச் சுத்துத் தளர்த்தறேன். பண்ணவா?”

“பண்ணு.”

இரும்பு கிரீச்சிட்டது. “உரசல. அக்கா வாழ்க.”

“வாழ்க எல்லாம் இருக்கட்டும், பவரை ஆஃப் பண்ணிட்டுத்தான் ஏறினியா?”

“...இப்பப் பண்றேன்.”

“எருமை,” என்று போனை வைத்தாள். “மன்னிச்சுக்கங்க சார். உங்களைச் சொல்லல.”

பேராசிரியர் கதவருகிலேயே நின்றிருந்தார்.

“அவர் எங்க இருக்கார்?”

“நாலு கிலோமீட்டர் தள்ளி சார்.”

“நீங்க அந்தக் கதவைப் பாத்திருக்கீங்களா?”

“அந்தக் கட்டடத்துக்கே நான் போனதில்ல.”

“அவர் ஏன் நீங்க சொன்னதையே திருப்பிச் சொல்றார்?”

“தப்பாக் கேட்டிருந்தான்னா அப்பவே தெரிஞ்சிடும் சார். அப்புறமாத் தெரிஞ்சா ஆம்புலன்ஸ் சொல்லணும்.”

பேராசிரியர் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கைகளைத் தொடைக்கு அடியில் வைக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். அவை அங்கேயே இருந்தன.

“படுக்கைக் கோடு ஒண்ணு,” என்றார். “அது அளவு. அதோட இடது நுனியில இருந்து நேரா மேல நிமிர்ந்து ஒரு கோடு. அது விலை.”

“படுக்கைக் கோடு அளவு. இடது நுனியில இருந்து நிமிர்ந்த கோடு விலை.”

“சரி. இப்ப தேவைக் கோடு. இடது பக்கம் உயரத்துல ஆரம்பிச்சு வலது பக்கமா இறங்கும். அளிப்புக் கோடு, இடது பக்கம் தாழ்வுல ஆரம்பிச்சு வலது பக்கமா ஏறும். ரெண்டும் நடுவுல ஒரு இடத்துல வெட்டும்.”

அவள் திருப்பிச் சொன்னாள்.

“சரி. இப்ப உச்சவரம்பு. அந்த வெட்டுற புள்ளிக்குக் கொஞ்சம் கீழ ஒரு படுக்கைக் கோடு.”

“கொஞ்சம்னா எவ்வளவு சார்?” என்று கேட்டது சின்னவள் அல்ல. ஜன்னலில் சாய்ந்திருந்த பெரியவள்.

“நிமிர்ந்த கோட்டுல புள்ளி நிக்கிற உயரம் பத்துன்னா, இது ஏழு.”

“அப்படிச் சொல்லுங்க.”

“அந்தக் கோடு இடது பக்கத்துல இருந்து வரும்போது முதல்ல அளிப்புக் கோட்டை வெட்டும். இன்னும் வலது பக்கம் போனா தேவைக் கோட்டை வெட்டும். ரெண்டு வெட்டுக்கும் நடுவுல இருக்கிற தூரம்தான் பற்றாக்குறை. வாங்க ஆள் இருக்கு, விக்க ஆள் இல்ல.”

சின்னவள் உடனே திருப்பிச் சொல்லவில்லை. விரலால் மேஜைமேல் மெதுவாக ஏதோ வரைந்தாள். ஒரு கோடு. இன்னொன்று. குறுக்கே ஒன்று.

“சார்.”

“என்னம்மா?”

“இவ்வளவுதானா?”

பேராசிரியருக்கு அது பாராட்டா திட்டா என்று தெரியவில்லை. “இவ்வளவுதான்,” என்றார்.

“ஒன்றரை வருஷமா இவ்வளவுதானா சார்?”

ஸ்டெனோ அம்மா அதையும் தட்டச்சு செய்தார். பேராசிரியர் அடுத்த வரியைச் சொன்னார்.

பன்னிரண்டாவது பாடம் தேர்வுக்கு முந்தின நாள் முடிந்தது. அதற்கு நாற்பது நிமிடம்தான் பிடித்தது.

*

தேர்வில் அவள் கம்ப்யூட்டரில் பதில் தட்டச்சு செய்தாள். ‘படம் வரைந்து விளக்குக’ என்று இரண்டு கேள்விகள் வந்தன. கண்காணிப்பாளர் விதிப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஓடி, டீனைக் கேட்டுவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்து, படத்தை வார்த்தையில் எழுதலாம் என்றார். அதற்குள் அவள் எழுதியே முடித்திருந்தாள்.

இருபத்திரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. இணையதளத்தில் போட்டிருந்தார்கள். சின்னவள், தொட்டதை வாசித்துச் சொல்லும் தன் போனை எடுத்துத் தடவினாள். போன் “படம்” என்றது. மறுபடி தடவினாள். “படம்” என்றது. கீழே இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று பார்த்தாள்.

“படம்.”

“அக்கா!”

பெரியவள் ஒரு கையில் பல் துலக்கும் பிரஷோடு வந்து போனை வாங்கினாள். பெரிதாக்கினாள். நகர்த்தினாள். நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

“என்னக்கா? இல்லையா?”

“இருடி. கோணலா எடுத்திருக்கானுங்க. நோட்டீஸ் போர்டுல ஒட்டினதைப் போட்டோ புடிச்சுப் போட்டிருக்கானுங்க. உன் நம்பர் மேல ஒரு பின்னு குத்தியிருக்கு.”

“மார்க் மேலயுமா?”

“மார்க் தெரியுது.” பெரியவள் வாயிலிருந்த நுரையைத் துப்பிவிட்டு வந்தாள். அதற்கு எட்டு விநாடி ஆயிற்று. சின்னவளுக்கு அது அந்தப் பதினைந்து நாளைவிடப் பெரிதாக இருந்தது.

“அறுபத்தி மூணு. பாஸ்.”

“உன் மேல சத்தியமா?”

“என் மேல எதுக்குடி? வேணும்னா என் பார்ட்னர் மேல பண்றேன். அறுபத்தி மூணு. மூணாவது வருஷத்துக்கு ஃபீஸ் எப்பன்னு பாரு.”

சின்னவள் போனை வாங்கி, தலையைக் குனிந்து மறுபடி தடவினாள்.

“என்னடி, அழறியா?”

“இல்ல. இதை எதுக்குப் போட்டோவாப் போட்டாங்க?”

“போட்டா போட்டுட்டுப் போறானுங்க. நீதான் பாஸாயிட்டியே.”

“என்னோட சேத்து பல்கலைக்கழகத்துல கண்ணு தெரியாதவங்க பதினொரு பேர்க்கா. பத்துப் பேர் வீட்டுல இப்ப போன் ‘படம் படம்’னு சொல்லிட்டிருக்கும். டீன் ஆபீஸ் எத்தனை மணிக்குத் திறப்பாங்க?”

“ஒன்பதரைக்கு.” பெரியவள் கடிகாரத்தைப் பார்த்தாள். எட்டேகால். “ஏய், முகத்தையாவது கழுவிட்டுப் போடி.”

சின்னவள் அதற்குள் கம்ப்யூட்டரைத் திறந்து ‘பெறுநர்’ என்று தட்டச்சு செய்திருந்தாள்.